புகை அலாரம் விடியற்காலையில் கீச்சிடுகிறது, சாம்பிராணி போட்டாலும் அலறுகிறது: கழற்றாமல் சமாளிப்பது எப்படி?

நாலாம் மாடி கேட்டது:

வணக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலாம் மாடியில் இருக்கிறோம். அப்பா, அம்மா இருவருக்கும் 70 தாண்டிவிட்டது, பையனுக்கு 5 வயது. படுக்கையறைகளுக்கு முன்னால் உள்ள நடையில், பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்று இருக்கிறது. ஹால் கூரையில் பில்டர் வைத்துக் கொடுத்த டிடெக்டர் தனியாக உண்டு.

நடையில் இருப்பது விடியற்காலை 3 மணிவாக்கில் விட்டுவிட்டுக் கீச்சிடுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் சத்தமே இல்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அலறுகிறது, மிளகாய் தாளித்தாலும் அலறுகிறது. அடுப்பிலிருந்து சுமார் 2 மீட்டர் தூரம்தான், எங்களுடையது திறந்த சமையலறை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிடு என்கிறார் அம்மா. எனக்கு மனம் வரவில்லை.

ஹாலில் இருப்பதன்மேல் மஞ்சள் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கிறது. அது அப்படியேதான் இருக்க வேண்டுமா? அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயர்மேன் 24 பதில்:

முதலில் மஞ்சள் மூடி. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கட்டட வேலை நடக்கும்போது சிமென்ட் தூசியும் பெயின்டும் உள்ளே போகாமல் இருக்கப் போடுகிற மூடி அது. வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே எடுத்திருக்க வேண்டும். அது இருக்கும்வரை புகை உள்ளே நுழையவே முடியாது. விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருப்பதால் வேலை செய்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீடுகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் மறந்திருந்தால் அந்த பிளாக் முழுக்க மறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மூடியை மட்டும் எடுங்கள், டிடெக்டரைத் திருகிக் கழற்ற வேண்டாம். அது கீழே செக்யூரிட்டி அறையில் இருக்கும் தீ அலாரப் பேனலோடு சேர்ந்தது. சில வகை வயரிங்கில் ஒரு டிடெக்டரைக் கழற்றினால் அதற்கு அடுத்து உள்ள வீடுகளின் டிடெக்டர்களும் பேனலுக்குத் தெரியாமல் போய்விடும். பேனலில் 'ஃபால்ட்' (கோளாறு) விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை இறங்கிப் போய்ப் பாருங்கள். மாதக்கணக்கில் எரிந்துகொண்டே இருந்தால் பராமரிப்பு ஒப்பந்தக்காரரை வரவழைக்கச் சொல்லி அசோசியேஷனுக்கு எழுத்தில் கொடுங்கள். பேனலுக்குள் கரன்ட் போனால் தாங்குவதற்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். மூன்று நான்கு வருஷத்தில் அவை வீங்கிப்போகும். இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றுகிற ஞாபகம் இதற்கு யாருக்கும் வருவதில்லை.

இனி நடையில் கத்துகிற அலாரம். சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். அரை நிமிஷம், ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒற்றைக் 'கீச்' என்றால் பேட்டரி தீர்கிறது, இல்லாவிட்டால் கருவிக்கே ஆயுள் முடிந்துவிட்டது. மூன்று நீண்ட ஒலி, சிறு இடைவெளி, மறுபடி மூன்று என்று விடாமல் வந்தால் அது புகை.

விடியற்காலையில் மட்டும் கீச்சிடுவதற்குக் காரணம் குளிர்ச்சி. ஏசி ஓடி நடையும் குளிர்ந்திருக்கும் நேரம் அது. பேட்டரி குளிர்ந்தால் அதன் உள்மின்தடை கூடி வோல்டேஜ் இறங்கும். ஏற்கனவே தீர்ந்துகொண்டிருக்கும் பேட்டரி அந்த நேரத்தில் எச்சரிக்கை அளவுக்குக் கீழே போய்விடும். வெயில் ஏறியதும் வோல்டேஜ் கொஞ்சம் மேலே வரும், சத்தம் நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அந்தப் பேட்டரி மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும் முறை: அலாரத்தை இடப்பக்கமாகத் திருகி அடித்தட்டிலிருந்து இறக்குங்கள். பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியை முதலில் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து 10 வருஷம் தாண்டியிருந்தால் பேட்டரிக்குச் செலவழிக்காதீர்கள், புது அலாரமே வாங்கிவிடுங்கள். வாங்கிய தேதியோ மாட்டிய தேதியோ கணக்கில் வராது. தேதி சரியாக இருந்தால் பழைய பேட்டரியை எடுத்துவிட்டு டெஸ்ட் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் சார்ஜ் இறங்கிவிடும். இதைச் செய்யாமல் விட்டால்தான் சில சமயம் புதுப் பேட்டரி போட்ட பிறகும் கீச்சிடும். பிறகு நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியைப் போடுங்கள். கடிகாரத்துக்கு வாங்குகிற மலிவு பேட்டரி வேண்டாம், ரீசார்ஜ் பேட்டரியும் வேண்டாம். ரீசார்ஜ் வகை பெரும்பாலும் 8.4 வோல்ட்தான் வரும், தீரும்போது மளமளவென்று தீர்ந்துவிடும், எச்சரிக்கைக் கீச்சுக்குக்கூட நேரம் இருக்காது. கிளிப் இரண்டும் 'டக்'கென்று உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் இடுக்கியால் லேசாக நெருக்கிவிடுங்கள். தேதியை மார்க்கரால் பேட்டரிமேல் எழுதி, மாட்டி, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

சில மாடல்களில் பேட்டரி இல்லாவிட்டால் அடித்தட்டில் பூட்டவே பூட்டாது. பேட்டரி போட மறக்கக்கூடாது என்பதற்காக வைத்த நாக்கு அது, பலம் கொடுத்து உடைத்துவிடாதீர்கள். 10 வருஷ லித்தியம் பேட்டரி உள்ளேயே அடைத்து வரும் மாடல் என்றால் பேட்டரி மாற்ற முடியாது. கீச்சிட ஆரம்பித்தால் அலாரத்தையே மாற்ற வேண்டும்.

சுத்தம் செய்வதும் முக்கியம். உள்ளே இருட்டான ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு எல்இடி அதற்குள் ஒளியைப் பாய்ச்சும், சென்சார் அந்த ஒளி நேராக விழாத கோணத்தில் இருக்கும். ஓட்டு வீட்டில் கூரை ஓட்டை வழியாக விழும் வெயில் கீற்றில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே போலத்தான் புகைத்துகள் பட்டு ஒளி சிதறி சென்சாரில் விழும், அலாரம் அடிக்கும். தூசி, சின்னச் சிலந்தி, எறும்பு எது உள்ளே போனாலும் அதே கதைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேக்குவம் கிளீனரின் மென்மையான பிரஷ்ஷை வைத்துச் சுற்றியுள்ள துளைகளில் உறிஞ்சுங்கள். ஈரத்துணி கூடாது, பூச்சி ஸ்பிரே அறவே கூடாது. வெள்ளையடிக்கும்போது பாலிதீன் பையால் மூடுங்கள், வேலை முடிந்த அன்று மாலையே பையை எடுத்துவிடுங்கள். அதன்மேல் பெயின்ட் பட்டு துளை அடைத்துவிட்டால் அந்த அலாரம் தேறாது.

அடுக்களை பதில்:

சாம்பிராணிக்கும் தாளிப்புக்கும் அலறுவது அலாரத்தின் கோளாறு இல்லைங்க, மாட்டிய இடத்தின் கோளாறு. அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உங்களுடையது 2 மீட்டர். நடையிலேயே படுக்கையறைக் கதவுகள் பக்கமாகத் தள்ளினால் பாதித் தொல்லை தீரும். குளியலறைக் கதவிலிருந்தும் ஒரு மீட்டராவது விலகட்டும், வெந்நீர் ஆவிக்கும் அடிக்கும். மின்விசிறி இறக்கை நுனியிலிருந்தும் ஏசி காற்று வரும் வாயிலிருந்தும் 90 செ.மீ. தள்ளுங்கள். காற்று அடித்தால் புகை அலாரத்தை எட்டாமலே போய்விடும். கூரைதான் நல்ல இடம். சுவரும் கூரையும் சேர்கிற மூலையில் ஒட்டினாற்போல் வைக்காதீர்கள், அந்த மூலையில் காற்று தேங்கி நிற்கும். சுவரில்தான் வைக்க முடியும் என்றால் கூரையிலிருந்து 10 முதல் 30 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

சமையலறைக்குள் புகை அலாரம் வேண்டவே வேண்டாம். அங்கே வெப்ப அலாரம் வையுங்கள். புகைக்கு அசையாது, 57 டிகிரி வாக்கில் சூடு ஏறினால் அடிக்கும்.

அலாரத்தில் 'ஹஷ்' பட்டன் இருக்கிறதா பாருங்கள். அழுத்தினால் பத்து நிமிஷம்போல அமைதியாக இருந்துவிட்டுத் தானே வேலைக்குத் திரும்பும். டெஸ்ட் பட்டனே ஹஷ் பட்டனாகவும் இருக்கும் மாடல்கள் உண்டு. அம்மாவுக்கு எட்டாது என்றால் துடைப்பக் கட்டையின் முனையால் அழுத்தலாம். சாம்பிராணி போடும்போது எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விட்டு, பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, தூபக்காலை நடைக்குக் கொண்டுபோகாமல் பூஜை அறையோடு முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புகை போட்டு முடிந்ததும் தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். ஜன்னல் மூடிய அறையில் கரித்துண்டு கனன்றுகொண்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, புகை அலாரம் அதைக் காட்டிக் கொடுக்காது. கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருக்கிற வீடுகளில் இந்த வாயுவால் உயிரே போயிருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்தால் அதை வெளிக்காற்றுப் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

கேஸ் சிலிண்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புகை அலாரம் இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவும். அதனால் கேஸ் டிடெக்டரைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்குள் மாட்ட வேண்டும். கூரை உயரத்தில் மாட்டினால் வாங்கியதே வீண். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூப்பில் தேதி அச்சிட்டிருக்கும், 5 வருஷம் ஆனதும் மாற்றிவிடுங்கள். அழுக்காகிறது என்று அதன்மேல் துணியோ பிளாஸ்டிக் உறையோ சுற்றாதீர்கள், விரிசல் விட்டாலும் எலி கடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டர் மாற்றும்போது வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். ரெகுலேட்டர் மாட்டியதும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் கூடாது. பூஜை விளக்கை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் தானாகவே ஓட ஆரம்பிக்கும்போது பொறி வரலாம். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்கே அணைப்பது நல்லது. வெளியே வந்த பிறகு 1906க்குப் பேசுங்கள், அது எல்பிஜி அவசர எண்.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் போய், ஒரே நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி எறிந்துவிடும். வாணலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடுவதும் கூடாது.

சிங்கை வாசி பதில்:

இங்கே சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் வீட்டுத் தீ அலாரம் கட்டாயம். பழைய வீட்டில் தீப்பாதுகாப்பு சம்பந்தப்பட்ட மாற்றம் செய்தாலும் வைத்தாக வேண்டும். தனியாக பேட்டரியில் ஓடும் சின்னக் கருவிதான், உங்கள் நடையில் இருப்பது போலவே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வீட்டு வாசல் நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும் என்பதும் விதி. செருப்பு அலமாரி, பூந்தொட்டி, சைக்கிள் எதுவும் அந்த அளவைக் குறைக்கக்கூடாது. உங்கள் குடியிருப்பிலும் இந்த ஒன்றைக் கடைப்பிடிக்கச் சொல்லலாம், செலவே இல்லை.

மின்சார ஸ்கூட்டர் பேட்டரியை வீட்டுக்குள் எடுத்து வந்து சார்ஜ் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். லித்தியம் பேட்டரியில் ஒரு செல் கெட்டுச் சூடேறினால் அடுத்த செல்லும் அதற்கடுத்ததும் சங்கிலியாகப் பற்றும், சில நிமிஷத்தில் அறை முழுக்க நச்சுப் புகை நிறையும். வாசல் கதவுப் பக்கம் சார்ஜ் போட்டால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் போடவே கூடாது. அந்த பேட்டரியோடு வந்த சார்ஜர் தவிர வேறு எதுவும் வேண்டாம். வீங்கிய, கீழே விழுந்து அடிபட்ட, தண்ணீரில் நனைந்த பேட்டரி என்றால் சார்ஜ் போடாமல் கம்பெனி சர்வீஸில் கொடுத்துவிடுங்கள்.

நாலாம் மாடி:

எல்லோருக்கும் நன்றி. மஞ்சள் மூடியை எடுத்துவிட்டேன். அலாரத்தை அடுப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தூரத்துக்கு நகர்த்தப் போகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. ராத்திரி அலாரம் அடித்தால் வயதானவர்களையும் பையனையும் எப்படிக் கூட்டிக்கொண்டு வெளியேறுவது? எல்லா ஜன்னலிலும் கிரில் இருக்கிறது, வாசலில் இரும்புக் கதவு வேறு. தீயணைப்பான் வாங்குவதென்றால் எது வாங்க வேண்டும்?

படிக்கட்டு பதில்:

அண்ணா, இதைக் கேட்டது நல்லது. அலாரம் உங்களுக்குச் சில நிமிஷம்தான் வாங்கிக் கொடுக்கும். அந்த நிமிஷங்களை வாசல் சாவி தேடியே செலவழிக்கிற வீடுகள்தான் அதிகம். இரும்புக் கதவுச் சாவி உள்பக்கம் ஒரே ஆணியில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், பையனைத் தவிர எல்லோருக்கும் எட்டும் உயரத்தில் தொங்கட்டும். ராத்திரி பூட்டியதும் சாவியைத் தலையணைக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். உள்ளே கையால் திருகினாலே திறக்கும் தாழ்ப்பாளாக மாற்றிவிட்டால் சாவி வேலையே இல்லை. பால்கனிப் பக்கம் அல்லது ஒரு படுக்கையறை ஜன்னலிலாவது கிரிலின் ஒரு பகுதியைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி வெல்டரிடம் செய்துகொள்ளுங்கள். ஒரு ஆள் நுழையும் அளவு இருந்தால் போதும். நாலாம் மாடியில் அதன் வழியாகக் குதிப்பதற்கு இல்லை, தீயணைப்பு வீரர்கள் ஏணி போட்டு உங்களை இறக்குவதற்கு.

படுக்கும்போது படுக்கையறைக் கதவுகளை மூடிவைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மரக்கதவுகூட புகையையும் சூட்டையும் நல்ல நேரம் தடுத்து நிறுத்தும். கதவை மூடினால் அலாரம் கேட்காதே என்று தோன்றும். நியாயமான கவலைதான். அலாரம் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் போடும், ஆனால் வழக்கமான அலாரத்தின் ஒலி 3000 ஹெர்ட்ஸ் அளவுக் கீச்சுக்குரல். வயதானவர்களுக்கு முதலில் குறைவது அந்தக் கீச்சுக்குரலைக் கேட்கும் திறன்தான். சின்னப் பிள்ளைகளோ அலாரம் அலறினாலும் அசையாமல் தூங்குவார்கள். அதனால் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று வைத்து, ஒன்று அடித்தால் எல்லாமே சேர்ந்து அடிக்கும் இணைப்பு வகையை வாங்குங்கள். 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி வருகிற மாடல் கிடைத்தால் அப்பா அம்மா அறைக்கு அது. பையனை எழுப்ப ஒருவர், பெரியவர்களை எழுப்ப ஒருவர் என்று இப்போதே பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள். இரண்டு பேரும் பையனிடமே ஓடிவிடுவது சகஜம்.

பையனுக்கு அலாரம் சத்தத்தைப் பகலில் அடித்துக் காட்டுங்கள். பயந்த குழந்தை கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும், தேடுகிறவர்களுக்குக் கண்ணில் படாது. சத்தம் கேட்டால் வாசலுக்கு வர வேண்டும், புகை இருந்தால் தவழ்ந்து வர வேண்டும், கீழே எந்த மரத்தடியில், எந்த கேட்டில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பழகட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் நடந்து பாருங்கள்.

லிஃப்ட் வேண்டாம். கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்காதீர்கள். படிக்கட்டில் புகை மண்டியிருந்தால் பெரியவர்களை வைத்துக்கொண்டு இறங்க முயல வேண்டாம். திரும்பி உள்ளே வந்து கதவை மூடி, அடி இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து, வெளிப்பக்கம் பார்த்த ஜன்னலுக்குப் போய் 112 அல்லது 101க்கு அழையுங்கள். பிளாக் பெயர், மாடி, வீட்டு எண், எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் யார் என்று சொல்லுங்கள். காற்றுக்காகப் படிக்கட்டுக் கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே வைத்திருப்பார்கள், அதை எடுக்கச் சொல்லுங்கள். புகை மாடிகளுக்குப் பரவாமல் தடுப்பது அந்தக் கதவுதான்.

தீயணைப்பானுக்கு ஏபிசி பவுடர் வகை, 2 கிலோ போதும், பெரியவர்களாலும் தூக்க முடியும். ஐஎஸ்ஐ முத்திரை, அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, இரண்டையும் பார்த்து வாங்குங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், தீ பிடித்தால் அதைத் தாண்டிக் கை நீட்ட முடியாது. வாசலுக்குப் போகும் வழியில் மாட்டுங்கள். பின்னை இழுத்து, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீசுங்கள். பத்து விநாடிபோல்தான் வரும். குப்பைக்கூடை அளவுத் தீக்கு மட்டும், அதுவும் வாசல் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் மட்டும். மற்றவர்கள் அதற்குள் வெளியே போயிருக்க வேண்டும். வாணலித் தீக்கு இது வேண்டாம், அழுத்தத்தில் எண்ணெய் தெறிக்கும், அதற்கு மூடிதான் சரி.

யாருக்காவது தீப்பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். மஞ்சள், பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம்.

நாலாம் மாடி:

வெல்டரை வரச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: ஊதுபத்திப் புகை காட்டி அலாரத்தைச் சோதித்துப் பார்க்கலாமா? பட்டனை அழுத்தினால் மணி மட்டும்தானே அடிக்கும், புகையைக் கண்டுபிடிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வயர்மேன் 24 பதில்:

ஊதுபத்தி வேண்டாம் சார். அதன் எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே படிந்துவிட்டால் பிறகு தூசி ஒட்டிக்கொண்டு ஓயாமல் அலறும். லைட்டர் காட்டினால் பிளாஸ்டிக் உருகும். பட்டனே பெரும்பாலான மாடல்களில் பேட்டரி, சர்க்யூட், ஒலி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சோதிக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் போதும். அம்மாவாசை அன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. உண்மையான புகைச் சோதனை வேண்டும் என்றால் அதற்கென்றே ஸ்பிரே டப்பா விற்கிறது, அதன் லேபிளில் சொன்ன தூரத்திலிருந்து ஒரு விநாடி அடித்தால் போதும்.

ஹாலில் உள்ளதைப் பராமரிப்புக்காரர்கள் கோலின் முனையில் அந்த ஸ்பிரேயை மாட்டிச் சோதிப்பார்கள். அவர்கள் வரும் நாளில் உங்கள் வீட்டு டிடெக்டருக்கும் அடிக்கச் சொல்லி, ஒருவர் கீழே பேனல் முன்னால் நின்று திரையில் வரும் எழுத்தைப் படிக்கட்டும். மணி அடிப்பது மட்டும் போதாது, உங்கள் பிளாக்கும் வீட்டு எண்ணும் சரியாக வர வேண்டும். முகவரி மாற்றிப் பதிந்திருப்பது அடிக்கடி நடக்கிற பிழை. அப்படி இருந்தால் செக்யூரிட்டி வேறு மாடிக்கு ஓடுவார். தப்பாக வந்தால் அவர்கள் கிளம்பும் முன்பே திருத்தி, மறுபடி ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.